தலைவர் மேட்டர் ஓவர்... சாப்டியா மச்சி?

ரசிகர் குரூப்னா இருபத்துநாலு மணி நேரமும் டீசர், டிரெய்லர், கலெக்‌ஷன்னுதான் பேசிட்டு இருப்பாங்கன்னு நினைக்கிறீங்களா? அப்படின்னா பாஸ், நீங்க இன்னும் ஒரு குரூப்புக்குள்ளயும் காலடி வைக்கலைனு அர்த்தம்! ராத்திரி 11 மணிக்கு அங்க ஓடுற படமே வேற.

'நாளைக்கு மேத்ஸ் அரியர்டா, வயித்த கலக்குது.'

'எங்க ஹாஸ்டல்ல இன்னிக்கும் அதே உப்புமா. கரண்டியே வளைஞ்சிடுச்சு.'

'அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட். அம்மா ஊருக்குப் போயிட்டாங்க. யாராச்சும் பேசுங்கப்பா...'

சும்மா ஒரு மாதிரிக்குத்தான் இது. ஆனா எந்த ஸ்டாரோட, எந்தப் பாடகரோட, எந்த கிரிக்கெட் டீமோட குரூப்பா இருந்தாலும் ராத்திரி நேரத்து சமாச்சாரம் கிட்டத்தட்ட இதேதான். தலைவர் பேரைச் சொல்லி உள்ளே வந்தவங்க, தலைவரையே மறந்துட்டு 'சாப்டியா'னு கேட்டுட்டு இருப்பாங்க.

இதைப் பத்திப் பேச மந்தாரக்குப்பத்தை விட நல்ல ஊர் கிடைக்காது. ஏன்னா, ஒண்ணைத் தேடப் போய் வேற ஒண்ணு கிடைச்ச ஏரியா இது! 1930கள்ல இந்தப் பக்கம் ஜம்புலிங்க முதலியார் தன்னோட நிலத்துல தண்ணிக்காகத் தோண்டப் போய், கறுப்பா ஏதோ வெளியே வந்துச்சு. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956ல் என்.எல்.சி. நிறுவனம் வந்துச்சு, டவுன்ஷிப் வந்துச்சு, ஊரோட தலையெழுத்தே மாறிடுச்சு. ரசிகர் குரூப் கதையும் அப்படித்தான். தோண்டுறது என்னவோ சினிமாவுக்காக. கிடைக்கிறது நட்பு.

ஒரு செல்ஃபி, ஒரு ஊரு!

இந்த ஏரியா பசங்களுக்கு 2020 பிப்ரவரியை மறக்க முடியுமா? 'மாஸ்டர்' ஷூட்டிங்குக்காக விஜய் நெய்வேலி சுரங்கப் பகுதிக்கு வந்திருந்தார். பிப்ரவரி 5ம் தேதி வருமான வரித் துறை அதிகாரிகள் ஷூட்டிங் ஸ்பாட்டுக்கே வந்து, அவரை சென்னைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. விசாரணை முடிஞ்சு திரும்பி வந்து அவர் நடிக்க ஆரம்பிச்சதும், என்.எல்.சி.யில ஷூட்டிங் நடத்தக் கூடாதுனு பி.ஜே.பி.காரங்க போராட்டம் பண்ணினாங்க. அந்தப் பக்கம் ரசிகர்கள் கூட்டம் நாளுக்கு நாள் பெருகிட்டே போச்சு.

ஒரு சாயங்காலம் ஷூட்டிங் முடிஞ்சதும் விஜய் ஒரு வண்டி மேல ஏறி நின்னு, பின்னாடி இருந்த ஜன சமுத்திரத்தோட சேர்த்து ஒரு செல்ஃபி எடுத்தார். நெய்வேலிக்கு நன்றி சொல்லி பிப்ரவரி 10ம் தேதி அதை ட்விட்டர்ல போட்டார். அவ்ளோதான்! ஒரு லட்சத்துக்கும் மேல ரீட்வீட். 2020ல் இந்தியாவிலேயே அதிகமா ரீட்வீட் ஆன பதிவு அதுதான்னு அந்த வருஷக் கடைசியில ட்விட்டரே அறிவிச்சது. நம்ம ஊரு பேரு ஒரு நாள்ல உலகம் பூரா சுத்திடுச்சு!

அந்த போட்டோவுல தலை தலையா தெரியுதே, அதுல யார் யாருன்னு யாருக்கும் தெரியாது. இப்படி ஒரு நாள் முடிஞ்ச ராத்திரி ஒரு ரசிகர் குரூப்ல என்ன நடக்கும்? முதல் அரை மணி நேரம் 'தளபதிடா!' அலப்பறை. அப்புறம் 'நான் எங்க இருக்கேன்னு கண்டுபிடிங்க பாப்போம்'னு சிவப்பு வட்டம் போட்ட போட்டோ. அதுக்கப்புறம் 'நீ இந்த ஊரா? நானும் பக்கத்துலதான்' ஆரம்பிச்சிடும். மறுநாள் 'நல்லபடியா வீடு போய்ச் சேந்தியா?', அதுக்கு மறுநாள் 'பஸ் பாஸ் ரெனியூவல் எங்க பண்றது?' ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா செல்ஃபி பத்தி ஒரு வார்த்தை இருக்காது. பஸ் பாஸும், பரீட்சையும், பக்கத்து வீட்டுக் கல்யாணமும்தான் இருக்கும்.

மன்றத்து பெஞ்சிலிருந்து...

இது ஏதோ மொபைல் வந்த பிறகு பொறந்த விஷயம்னு நினைச்சுடாதீங்க. எம்.ஜி.ஆர்., சிவாஜி காலத்து ரசிகர் மன்றங்களே பாதி நேரம் அரட்டைக் கச்சேரிதான். அமெரிக்க ஆராய்ச்சியாளர் சாரா டிக்கி மதுரையில தங்கி, சினிமா பார்க்கிற ஏழை ஜனங்களையும் ரசிகர் மன்றங்களையும் கூட இருந்தே கவனிச்சு 1993ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். மன்றம்ங்கறது தெருவுல இருக்கிற இளவட்டங்கள் கூடுற இடம். ரிலீஸுக்கு தோரணம் கட்டுவாங்க. மத்த நாள்ல வேலை, குடும்பம், ரத்த தானம், தெருப் பிரச்னைனு ஓடும்.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்துச்சு. 1990கள்லயே வெளிநாட்டுல இருந்த தமிழ்ப் பசங்க இணையத்துல பாட்டைப் பத்தி அடிச்சுக்க ஆரம்பிச்சுட்டாங்க. 1999ல் ஏ.ஆர்.ரஹ்மான் ரசிகர்களுக்குன்னு யாஹூ குரூப்ஸ்ல ஒரு குழு ஆரம்பமாச்சு. 2004 ஜனவரியில ஆர்குட் வந்ததும் பிரவுசிங் சென்டர்ல வரிசை கட்டினாங்க நம்ம காலேஜ் அண்ணன்மார். ஒவ்வொரு ஹீரோவுக்கும் கம்யூனிட்டி, ஒவ்வொரு பாட்டுக்கும் கம்யூனிட்டி... ஸ்க்ராப் போடுறதுக்குன்னே பாக்கெட் மணி தீர்ந்த காலம் அது.

நெட் இல்லாதவங்களுக்கு எஸ்.எம்.எஸ்.! 'குட்மார்னிங்'ல ஆரம்பிச்சு 'குட்நைட்' வரைக்கும் கவிதை, கடி ஜோக், கடலைனு நாள் பூரா ஓடுச்சு. 2011 செப்டம்பர்ல டிராய் அமைப்பு ஒரு நாளைக்கு 100 எஸ்.எம்.எஸ்.தான்னு கட்டுப்பாடு கொண்டு வந்து, அப்புறம் மனசு இரங்கி 200 ஆக்கினது. விளம்பரத் தொல்லையைக் குறைக்கத்தான் அந்த ரூல். ஆனா கடி ஜோக் ஃபார்வர்டு பண்ற மாணவர்களுக்கு அது பெரிய இடி! 2016 செப்டம்பர்ல ஜியோ வந்ததும் டேட்டா சல்லிசா கிடைக்க, ரேஷன் போட்டுப் பேசின காலம் முடிஞ்சே போச்சு. இப்போ வாட்ஸ்அப், டெலிகிராம், இன்ஸ்டா, டிஸ்கார்டுனு இடம் மட்டும் மாறியிருக்கு. பேச்சு அதே பேச்சுதான்.

மொக்கைக்கும் ஒரு பேரு உண்டு!

'என்னதான்டா அப்படிப் பேசுறீங்க, உருப்படியா ஒரு வார்த்தை இருக்கா?'னு வீட்ல திட்டு வாங்காதவங்க கை தூக்குங்க. ஒருத்தரும் இல்லைல்ல? இனிமே திட்டினா மலினோவ்ஸ்கி பேரைச் சொல்லுங்க!

போலந்துல பொறந்த மானுடவியலாளர் ப்ரோனிஸ்லா மலினோவ்ஸ்கி, முதல் உலகப் போர் காலத்துல இன்னிக்கு பப்புவா நியூ கினியாவுல இருக்கிற ட்ரோப்ரியாண்ட் தீவுகள்ல போய்த் தங்கினார். அந்த மக்கள் பேசுறதைக் கவனிச்சவர், 1923ல் வந்த ஒரு கட்டுரையில ஒரு விஷயத்தைச் சொன்னார். மனுஷன் பேசுற எல்லாமே தகவல் சொல்றதுக்காக இல்லை. 'எங்க கிளம்பிட்டே?', 'என்ன இன்னிக்கு வெயில்?' மாதிரி கேள்விகளுக்குப் பதிலே முக்கியம் இல்லை. 'நீயும் நானும் ஒண்ணா இருக்கோம்'னு காட்டிக்கிறதுதான் அந்தப் பேச்சோட வேலை.

நம்ம 'சாப்டியா?' இதுக்கு சூப்பர் உதாரணம். கேக்கறவர் சோறு கொண்டு வரப் போறதில்லை. ஆனா யாரும் கேக்காத நாள்லதான் அந்த வார்த்தையோட வெயிட்டு புரியும்.

நெய்வேலிக்காரங்களுக்கு இதை ஈஸியா சொல்லிடலாம். நிலக்கரி மேலாகக் கிடக்கிறதில்லை. பக்கெட் வீல் மெஷின் ராட்சசன் மாதிரி நின்னு, மலை மலையா மேல்மண்ணை அள்ளிக் கொட்டினாத்தான் அடியில இருக்கிற கரி கண்ணுல படும். குரூப்ல ஓடுற மொக்கை எல்லாம் அந்த மேல்மண்தான் மச்சி! ஆறு மாசம் உப்புமா பத்தியும் அரியர் பத்தியும் பேசினவங்ககிட்டதான் ஏழாவது மாசம் ஒருத்தன், 'வீட்ல பிரச்னைடா, காலேஜை விட்டுடலாமானு இருக்கு'னு சொல்ல முடியும். எடுத்த எடுப்புல யாரும் அதைச் சொல்ல மாட்டாங்க.

இன்னொரு சுவாரஸ்யம். திரையில வர்ற ஒருத்தர் நம்மகிட்டயே நேரா பேசுற மாதிரியும், அவரை நமக்கு நல்லாத் தெரியும்ங்கற மாதிரியும் வர்ற ஒருதலை உறவைப் பத்தி ஹார்ட்டன், வோல்னு ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கட்டுரை எழுதினாங்க. எந்த வருஷம் தெரியுமா? என்.எல்.சி. பொறந்த அதே 1956! நாம ஸ்டாரைத் தெரிஞ்சு வெச்சிருக்கோம், ஸ்டாருக்கு நம்மைத் தெரியாது. அந்த ஒருதலைக் காதல் அப்படியே இருக்கட்டும். ஆனா அதே ஸ்டாரைப் பிடிச்ச இன்னொருத்தர் நமக்குப் பதில் போடுறார் பாருங்க, அது ஒருதலை இல்லை. அங்கதான் நிஜ உறவு ஆரம்பிக்குது.

பஸ் ஸ்டாண்டுல நிக்க முடியாதவங்க

கடலூர் - விருத்தாசலம் ரோட்டுல இருக்கிற ஊரு மந்தாரக்குப்பம். ஒரு பக்கம் பிளாக் பிளாக்கா பிரிச்சு, மரம் வெச்சு, அகல ரோடு போட்ட டவுன்ஷிப். இந்தப் பக்கம் கடை, பஸ், சந்தடினு சாதாரண ஊரு. டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் பசங்களுக்கும் வெளியில இருக்கிற பசங்களுக்கும் நடுவுல ஒரு கோடு இருக்கத்தான் செய்யுது. 'நீ எந்த பிளாக்?'ங்கற கேள்வியிலயே பாதிப் பேரு வெளியே நின்னுடுவாங்க. அப்பா பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா, கடை வெச்சிருக்காரா... அந்தக் கேள்வி வராத இடம் ரசிகர் குரூப். அங்க ஒரே கேள்விதான், 'ஃபர்ஸ்ட் டே ஃபர்ஸ்ட் ஷோ போனியா இல்லையா?'

அடுத்தது பொண்ணுங்க. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில ராத்திரி 9 மணிக்கு நாலு பசங்க நின்னு கதை அடிச்சா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. நாலு பொண்ணுங்க நின்னா? மறுநாள் காலையில வீட்டுக்குத் தந்தி போயிருக்கும்! பழைய மன்றங்களும் ஆம்பளைப் பசங்க ராஜ்ஜியமாத்தான் இருந்துச்சு. ஒரு பொண்ணுக்கு இளையராஜாவோ, அஜித்தோ, பி.டி.எஸ்.ஸோ உயிருக்கு உயிரா பிடிச்சிருந்தாலும், அதைப் பத்தி வாய் விட்டுப் பேச ஒரு திண்ணை கிடையாது. குரூப் வந்த பிறகுதான் அந்தத் திண்ணை கிடைச்சது. அதனாலதான் 'போனைப் பிடுங்கி வை'ங்கற தண்டனை பொண்ணுங்களுக்கு ரெண்டு மடங்கா வலிக்குது. போன்ல படம் பாக்கறது நின்னா பரவாயில்லை, இருக்கிற ஒரே திண்ணையும் சேர்ந்து போயிடுதே!

மூணாவது, பிரிவு. கம்பெனி குவார்ட்டர்ஸ்ல வளர்ந்தவங்களுக்கு இது நல்லாவே தெரியும். அப்பா ரிட்டயர் ஆனா வீட்டைக் காலி பண்ணணும். 15 வருஷம் ஒரே தெருவுல சைக்கிள் ஓட்டினவன் ஒரு மே மாசத்துல சொந்த ஊருக்குப் போயிடுவான். இந்த ஏரியாவுல சுரங்கத்துக்காக நிலம் கொடுத்துட்டு இடம் மாறிப் போன கிராமங்களும் உண்டு. ஊரே கலைஞ்சாலும் 'நம்ம தலைவர் படம் வருதுடா'னு ஒரு மெசேஜ் போதும், கலைஞ்ச கூட்டம் மறுபடி ஒண்ணு சேர்ந்துடும்.

நம்ம மாவட்டத்துக்கு இதோட அருமை இன்னும் அதிகம். 2011 டிசம்பர் 30ல் தானே புயல் கடலூர், புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்து பண்ருட்டி பலா, முந்திரியை எல்லாம் படுக்க வெச்சுட்டுப் போச்சு. 2015 வெள்ளத்துலயும் கடலூர் மிதந்துச்சு. அந்த வருஷம் டிசம்பர்ல சென்னை மூழ்கினப்போ யாருக்குச் சாப்பாடு வேணும், எங்க படகு இருக்குன்னு சமூக வலைதளத்துல சலிக்காம தகவல் பரப்பினவங்கள்ல நிறையப் பேரு முந்தின வாரம் வரைக்கும் படத்தையும் கிரிக்கெட்டையும் பத்தி அடிச்சுக்கிட்டு இருந்த இளவட்டங்கள். நடிகர் சித்தார்த்தும் ஆர்.ஜே.பாலாஜியும் முன்னாடி நிக்க, பின்னாடி நின்னது அந்தப் படைதான். தினமும் பேசிப் பழகின பழக்கம் இல்லைன்னா, ஆபத்து நேரத்துல யாரை நம்பி யார் நம்பரைக் கொடுப்பாங்க?

ஆனா பாஸ்...

எல்லாமே தேனும் பாலும் இல்லை. 2019 ஜூலை 29, ஞாபகம் இருக்கா? உயிரோட இருக்கிற விஜய்க்கு அஞ்சலி செலுத்துற மாதிரி ஒரு ஹேஷ்டேக் இந்திய அளவுல ட்ரெண்ட் ஆச்சு. எதிர் ரசிகர்கள் பண்ணின கூத்து! கிரிக்கெட் வீரர் அஷ்வின் வெறுத்துப் போய், நாட்டுல வறட்சி, குற்றங்கள்னு ஆயிரம் பிரச்னை இருக்கிறப்போ நம்ம மாநிலத்து இளைஞர்கள் ட்ரெண்ட் பண்றது இதையானு ட்வீட் போட்டார். அன்னிக்கு அதை டைப் அடிச்சவங்க எல்லாம் கெட்டவங்களா? இல்லை. தனியா இருந்தா அதைப் பண்ணவே மாட்டாங்க. குரூப்ல எல்லாரும் பண்றாங்கன்னு பண்ணியிருப்பாங்க. 'சாப்டியா'னு கேக்கிற அதே குரூப்தான் 'வாடா, அவனைக் கிழிப்போம்'னும் கூப்பிடும். எதுக்கு வரமாட்டேன்னு சொல்லத் தெரியறதுதான் கெத்து.

2024 ஜனவரியில இன்னொரு சம்பவம். கரூர் மாவட்டத்துல எட்டாவது படிக்கிற மூணு பொண்ணுங்க, கையில 14,000 ரூபாயோட வீட்டை விட்டுக் கிளம்பிட்டாங்க. எதுக்கு? விசாகப்பட்டினம் போய், கப்பல் ஏறி, கொரியாவுல பி.டி.எஸ். பாய்ஸைப் பாக்க! நல்ல வேளை, காட்பாடி ரயில்வே ஸ்டேஷன்ல போலீஸ் பார்த்து பத்திரமா மீட்டாங்க. செய்தியைப் பார்த்து மீம் போட்டு சிரிச்சவங்கதான் அதிகம். சிரிக்கவா முடியும்? அந்த வயசுல ஆசை வர்றது தப்பில்லை. 'பாஸ்போர்ட் இருக்கா பாப்பா? கப்பல் எங்க போகுதுன்னு தெரியுமா?'னு அதட்டாம கேக்க ஒரு அக்கா பக்கத்துல இருந்தா போதும், டிக்கெட் எடுக்கிற வரைக்கும் போகாது. காலேஜ் படிக்கிற நீங்கதான் குரூப்ல அந்த அக்கா, அந்த அண்ணன்.

பணம் கேக்கிறவங்க, போட்டோ கேக்கிறவங்க, 'ஷோ டிக்கெட் எடுத்துத் தர்றேன், அட்வான்ஸ் அனுப்பு'னு நழுவுறவங்களும் இதே குரூப்லதான் ஒளிஞ்சிருப்பாங்க. டிபி-யில தலைவர் படம் இருந்தா நல்லவன்னு அர்த்தம் இல்லை மக்களே!

கடைசியா ஒண்ணு. குரூப் நம்முடையது, இடம் நம்முடையது இல்லை. ஆர்குட் 2014 செப்டம்பர் 30ல் மூடு விழா கண்டது. யாஹூ மெசஞ்சர் 2018 ஜூலையில போச்சு. யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பர் 15ல் ஷட்டரை இறக்கிடுச்சு. ஒரு தலைமுறையோட அரட்டை, சண்டை, சமாதானம் எல்லாம் அதோட போச்சு. ஆனா அதுக்குள்ள நம்பர் மாத்திக்கிட்டவங்க இன்னிக்கும் ஒருத்தர் வீட்டு விசேஷத்துக்கு ஒருத்தர் மொய் எழுதிட்டு இருக்காங்க. கம்பெனி மூடினாலும் நட்பு மூடாம இருக்கிறது நம்ம கையில.

குரூப்ல இருக்கீங்களா? ஒரு நிமிஷம்!

* நேர்ல பாக்கணும்னா பகல்ல, ஆள் நடமாட்டம் இருக்கிற இடத்துல, வீட்ல ஒருத்தர்கிட்டயாவது சொல்லிட்டுப் போங்க.

* வீட்டு அட்ரஸ், காலேஜ் ஐ.டி. கார்டு, ஓ.டி.பி. – இந்த மூணும் எவ்ளோ நெருங்கின குரூப்பா இருந்தாலும் வேண்டாம்.

* பணம் ஏமாந்துட்டா வெட்கப்பட்டு மறைக்காதீங்க. சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு உடனே அடிங்க. சீக்கிரம் சொன்னாதான் பணத்தை மடக்க வாய்ப்பு.

* ஒருத்தர் 'வாழவே பிடிக்கலை'ங்கற மாதிரி பேசினா, 'ஓவர் சீன்'னு கலாய்க்காதீங்க. தனியா கூப்பிட்டுப் பேசுங்க. இலவச மனநல உதவி எண் 14416 இருக்குன்னு சொல்லுங்க. வீட்டுப் பெரியவங்க ஒருத்தருக்கும் தெரியப்படுத்துங்க.

* 18 வயசுக்குக் கீழே இருக்கிற தம்பி, தங்கச்சி ஆபத்துல இருக்கிற மாதிரி தெரிஞ்சா 1098.

அப்புறம் என்ன, போனை எடுங்க. உங்க குரூப்ல எப்பவும் வளவளன்னு பேசிட்டு இருந்த ஒருத்தர் மூணு நாளா சத்தமே இல்லாம இருப்பாரு. யாருன்னு உங்களுக்கே தெரியும். டீசர் லிங்க்கை அப்புறம் ஃபார்வர்டு பண்ணிக்கலாம். முதல்ல அவரைத் தனியா கூப்பிட்டு, 'சாப்டியா மச்சி?'னு கேட்டுடுங்க!